சுட்ட கேஸ்

என் அண்ணி பால் பாத்திரத்தைத் திறந்தால் முதலில் மூக்கைத்தான் உள்ளே விடுவார். கடைக்காரர் "இப்பத்தாம்மா வந்துச்சு" என்று சொல்லிவிட்டால் போச்சு, இரண்டு முறை முகர்வார். "இப்பத்தான்னு அவரு ஏன் சொல்லணும்? நான் கேட்டேனா?" என்பார் தெருவுக்கு வந்ததும். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், வீட்டுக்காரர் எந்தச் சுவரில் சாய்ந்து நின்று பேசுகிறாரோ அந்தச் சுவரைத்தான் தட்டிப் பார்ப்பார். ஒரு முறை அப்படித் தட்டியதில், அந்த மனிதர் முதுகால் மறைத்துக்கொண்டிருந்த ஈரச் சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்து தரையில் விழுந்தது. அண்ணன் வெட்கப்பட்டு வாசலுக்குப் போய்விட்டார். அண்ணி மட்டும், "பாருங்க, நான் சொல்லல?" என்று அங்கேயே நின்றார்.

அண்ணன் ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்ப்பவர். இவர்கள் சந்தித்ததே ஒரு சந்தேகத்தில்தான். அண்ணி அப்போது பாலில் கலப்படம் இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் இருந்தார். அங்கே ஃபிரிட்ஜ் குளிராமல் போக, அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு, "கேஸ் தீர்ந்துடுச்சு மேடம், நிரப்பணும்" என்றார். "எல்லாப் பக்கமும் மூடின குழாய்தானே? தீர்ந்தா எங்க போச்சு?" என்று அண்ணி கேட்டார். அதுவரை எந்த வாடிக்கையாளரும் அண்ணனிடம் அப்படிக் கேட்டதில்லை. சோப்பு நுரையைக் குழாய் நெடுக்கப் பூசி, ஊசி முனை அளவு ஓட்டையில் குமிழி கிளம்புவதைக் காட்டும் வரை அண்ணி விடவில்லை. "அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் அவ என்னை வீட்டுக்கு விடல. அப்புறம் நானே போகல" என்று அண்ணன் இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிறார். இதில் என்ன பெருமையோ.

இந்த மூக்கைக் கடலில் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யார் கேட்டார்கள்?

நான் வேலை பார்த்தது கடலுக்கு நடுவே கேஸும் எண்ணெயும் தேடிக் கிணறு தோண்டுகிற ஒரு மேடையில். ரிக் என்போம். நீளமான குழாயின் நுனியில் பிட் என்கிற இரும்புப் பல் சுழன்று பாறையை அறுக்கும். பல் சூடாகாமல் இருக்கவும், அறுத்த தூளை மேலே கொண்டுவரவும் குழாய்க்குள் சேற்றை அழுத்தி அனுப்புவார்கள். சேறு என்றதும் வயல் சேற்றை நினைக்க வேண்டாம். எண்ணெயில் களிமண்ணும் மருந்தும் கலந்து பதம் பார்த்துத் தயாரிக்கிற சரக்கு அது. கீழே போன சேறு பாறைத் தூளையும், பாறையில் கேஸ் இருந்தால் அந்தக் கேஸையும் சுமந்துகொண்டு மேலே வந்து அதிரும் சல்லடைகளில் கொட்டும். அந்தச் சல்லடைகள் என் பொறுப்பு. தலை முதல் கால் வரை தெறித்து நிற்பதால் என் பெயரே ரிக்கில் 'சேறு' என்று ஆகிவிட்டது. "சேறு எங்கப்பா? சேறு சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார்கள். நானும் திரும்பிப் பார்த்துத் தொலைப்பேன்.

சேறு வந்து விழும் தொட்டியில் ஒரு சின்ன டப்பா மாட்டியிருக்கும். அதற்குள் ஒரு துடுப்பு சேற்றைக் கடைந்து கேஸைப் பிரித்தெடுக்கும். அங்கிருந்து பென்சில் தடிமனுள்ள குழாய் வழியாகக் கேஸ் அண்ணியின் அறைக்குப் போகும். அறை என்றால் ஜன்னலில்லாத இரும்புப் பெட்டி. கருவிகள் சூடாகிவிடக் கூடாது என்று உள்ளே ஏசி நடுங்க வைக்கும். அண்ணி அண்ணனின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பால் ஆய்வுக்கூடத்தை விட்டு, கேஸ் சோதிக்கிற வேலைக்கு அண்ணி அந்த ரிக்குக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டபோது தலையில் கை வைத்துக்கொண்டேன். வீட்டில் படுவது போதாதா? நான் அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டு, வந்த கொஞ்ச நாளில் குழாயைச் சுழற்றி ஓட்டும் டிரில்லர் முதல் சமையல்காரர் வரை எல்லோருக்கும் அவர் அண்ணி ஆகிவிட்டார். ஆனால் எல்லோருக்கும் உள்ளுக்குள் ஒரு பயம். கேஸ் வந்திருக்கிறதா என்று சொல்ல ரிக்கில் வேறு கருவிகள் உண்டு. அண்ணியின் கருவி, வந்த கேஸைப் பிடித்து உட்கார வைத்து, 'நீ யார் வீட்டுப் பிள்ளை? எங்கிருந்து வர்றே?' என்று விசாரிக்கும்.

அது எப்படி என்று நானே அவரிடம் கேட்டேன். "கரியில, அதான் கார்பன்ல, ரெண்டு ஜாதி இருக்கு தம்பி. லேசான கரி, கொஞ்சம் கனமான கரி. எந்தக் கேஸை எடுத்தாலும் ரெண்டும் கலந்துதான் இருக்கும். வயல் சேத்துல கிருமி உண்டாக்கின கேஸா இருந்தா லேசு ரொம்பத் தூக்கலா இருக்கும். ஆழத்துல பாறை சூட்டுல உண்டானதா இருந்தா கனம் கூடியிருக்கும். அந்த விகிதத்தை யாரும் மாத்தி எழுத முடியாது. அதுதான் அதோட முகஜாடை" என்றார். பொய் சொல்லாத ஒரு சாட்சி கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது.

அந்தக் கிணறுதான் அந்தக் கம்பெனியின் கடைசி நம்பிக்கை. முன்னால் தோண்டியவை எல்லாம் வறண்டவை. இதுவும் வறண்டால் ரிக்கைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், நாங்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே கிடையாது. கம்பெனியின் ஆளாக ரிக்கில் இருந்தவரை 'வெள்ளைத்தொப்பி' என்போம். மற்றவர்களுக்கு நீலத் தொப்பி, அவருக்கு மட்டும் வெள்ளை. நல்ல மனிதர்தான், ஆனால் அந்த வாரங்களில் யாராவது தும்மினால்கூட எதற்குத் தும்மினாய் என்று பார்க்கிற பார்வை அவருக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் கேஸ் வந்தது. புதிதாக ஒரு பிட் மாட்டி, வேகத்தைக் கூட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். திரையில் கேஸைக் காட்டும் கோடு எழும்பியது, எழும்பிக்கொண்டே போனது. டிரில்லர் விசில் அடித்தார். வெள்ளைத்தொப்பி என்னைக் கட்டிப் பிடித்து, தன் சட்டையெல்லாம் சேறாக்கிக்கொண்டார். கரைக்கு போன் பறந்தது. நான் ஓடிப்போய் அண்ணியின் கதவைத் தட்டினேன்.

"அண்ணி! அடிச்சுட்டோம்!"

அண்ணி திரையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "இவ்ளோ நல்லா இருக்கே" என்றார்.

"நல்லா இருந்தா சந்தோஷப்படணும் அண்ணி."

"புது பிட்டு மாட்டினதுக்கு அப்புறம்தானே வந்துச்சு? பாறை மாறல. பிட்டுதான் மாறியிருக்கு." திரையில் ஒரு சின்ன மேட்டை விரலால் தொட்டார். "இது எத்திலீன். பழம் பழுக்க வைக்கிற கேஸ். கோடிக்கணக்கான வருஷம் பாறைக்குள்ள கிடந்த கேஸ்ல இதுக்கு என்ன வேலை?"

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. ஊரே கொண்டாடும்போது இந்த அம்மாளுக்கு மட்டும் ஒரு மேடு கண்ணை உறுத்துகிறது. "நீங்க உங்க கல்யாண போட்டோவையே உத்துப் பார்த்து, இது என் புருஷன்தானான்னு கேட்கிற ஆளு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அண்ணி வெள்ளைத்தொப்பிக்குப் போன் செய்தார். ரிக்கின் உள் போனில் பக்கத்தில் பம்பு ஓடினால் பாதிதான் காதில் விழும். அந்தப் பேச்சு எப்படி நடந்தது என்று இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன், ஒரு வார்த்தை தவிர இருவரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

"சார், இது சுட்ட கேஸ்" என்றார் அண்ணி.

"என்னது?"

"சுட்ட கேஸ் சார். எனக்கு நிச்சயமாத் தெரியுற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"இது யாரோட வேலை?" என்று அவர் கேட்டார்.

அண்ணிக்குப் பம்புச் சத்தத்தில் 'இது எதோட வேலை' என்று கேட்டிருக்கிறது. "எல்லாம் நம்ம சேறு பண்ற வேலைதான் சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அண்ணி சொன்னது இதுதான்: வேகமாகச் சுழன்ற பிட் பாறையில் உரசிக் கொதித்து, சேற்றில் இருக்கும் எண்ணெயை அடுப்பில் போட்டுச் சுட்ட மாதிரி சுட்டுவிட்டது. அப்படிச் சுட்டதில் பிறந்த கேஸ்தான் மேலே வருகிறது. கிணறு தானாகத் தந்தது அல்ல. அந்தத் தொழிலில் படித்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தானாம். ஆனால் வெள்ளைத்தொப்பியின் நிலையில் இருந்து யோசித்துப் பாருங்கள். கரைக்கு நல்ல செய்தி சொல்லிவிட்டு, எங்கே தப்பாகிவிடுமோ என்று தூங்காமல் கிடக்கிற மனிதர். அவரிடம் 'சுட்ட கேஸ்' என்று சொன்னால் என்ன கேட்கும்? திருட்டுக் கேஸ், யாரோ எங்கிருந்தோ சுட்டுக்கொண்டுவந்து விட்டது என்றுதான் கேட்கும். யார் வேலை என்றதற்கு 'நம்ம சேறு' என்று பதில் வேறு.

அவர் நேராகச் சல்லடைக்கு வந்தார். பின்னால் பாதுகாப்புக்காரர்.

"மெஷினை நிறுத்திட்டு வா" என்றார்.

"என்ன சார்?"

"தொட்டியில கேஸை விட்டது நீதானே? கிணறு வறண்டா வேலை போயிடும்னு பண்ணினியா, இல்ல வேற யாராச்சும் பண்ணச் சொன்னாங்களா?"

சிரிப்புதான் வந்தது முதலில். "காலங்காத்தால காதுல பூ சுத்தாதீங்க சார்."

"நான் சுத்தல. உங்க அண்ணியே சொல்லிட்டாங்க."

யார் வேண்டுமானாலும் என்னைத் திருடன் என்று சொல்லட்டும், சட்டையைப் பிடித்துக் கேட்பேன். அண்ணி சொன்னால்? எந்தச் சுவரைத் தட்டினாலும் உள்ளே ஈரம் இருக்கும் என்பதை வருஷக் கணக்காகப் பார்த்தவன் நான். ஒரு நொடி, தூக்கத்தில் நான்தான் ஏதாவது செய்துவிட்டேனோ என்றுகூட யோசித்தேன், அவ்வளவு பைத்தியக்காரத்தனம்.

என்னை அண்ணியின் அறைக்கே கூட்டிப்போனார்கள். விஷயம் தெரிந்ததும் அண்ணி வாயில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ சார்! நான் சொன்ன சேறு இவன் இல்ல, அந்தச் சேறு! சுட்டதுன்னா எரிஞ்சதுன்னு அர்த்தம் சார்!"

வெள்ளைத்தொப்பி அவரையே பார்த்தார். "காலைல ஒண்ணு சொன்னீங்க. மாட்டினது கொழுந்தன்னு தெரிஞ்சதும் வேற சொல்றீங்க. சாயங்கால ஹெலிகாப்டர்ல இவன் கரைக்குப் போறான். அங்க போலீஸ் பார்த்துக்கும். இனிமே கடல் வேலைன்னு எந்த ரிக்குலயும் இவன் கால் வைக்க முடியாது."

"சார், நான் எடுத்து விடறதுக்கு இந்த ரிக்குல மீத்தேன் கேஸ் எங்க இருக்குன்னு கேளுங்க" என்றேன் நான் அவசரமாக.

சொல்லியிருக்கக் கூடாது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ரிக்கில் மீத்தேன் சிலிண்டர் இருந்த ஒரே இடம் அண்ணியின் அறை. கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்க, முகஜாடை தெரிந்த கேஸை அதில் வைத்திருப்பார். அந்த அறைக்குத் தினமும் டீ குடிக்க வந்து போகிற ஒரே ஆள் நான். வெள்ளைத்தொப்பி சிலிண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். இரண்டு பேரும் கூட்டு என்று அவர் நினைப்பது அப்படியே முகத்தில் எழுதியிருந்தது. வாசலில் டிரில்லரும் இன்னும் சிலரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேற்று என்னோடு சிரித்தவர்கள்.

அப்போது அண்ணி ஒரு காரியம் செய்தார். "இவன் லாக்கரைத் திறந்து பாருங்க சார்" என்றார். "எல்லாரும் பார்க்கத் திறங்க."

"அண்ணி!" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

லாக்கரைத் திறந்தார்கள். பழைய சட்டைகள், சோப்பு, என் அண்ணன் மகள் வரைந்து கொடுத்த ஒரு மீன் படம். அதற்கெல்லாம் பின்னால், பளபளவென்று உப்பிக்கொண்டு ஒரு அலுமினியப் பை. சோதனைக்காக அண்ணி கேஸ் பிடித்து வைக்கிற பை.

கையும் களவுமாகப் பிடிபட்டவன் எப்படி நிற்பானோ அப்படி நின்றேன்.

"அது என் தலையணை" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். நான் சொன்னது சத்தியம். ரிக்கில் கொடுக்கிற தலையணை கருங்கல். வாய் சரியில்லை என்று அண்ணி குப்பையில் போட்ட பையை எடுத்து, ஊதி, ஒட்டி, கழுத்துக்கு அடியில் வைத்துப் படுப்பேன். சுட்டது என்று சொன்னால் அது ஒன்றைத்தான் சுட்டேன், அதுவும் குப்பையிலிருந்து. ஆனால் கேஸைத் திருடினான் என்று பழி சுமக்கிறவனின் லாக்கரில் கேஸ் பை இருந்தால் அதை எந்த வாயால் விளக்குவது?

நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். 'இவன் அப்படிப்பட்டவன் இல்ல, நான் வளர்த்த பிள்ளை மாதிரி' என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

"யாரும் தொடாதீங்க" என்றார் அண்ணி. "உள்ள இருக்கிறதைச் சோதிக்கணும்."

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான், ஆனாலும் அழுகை.

அதற்குப் பிறகு நடந்ததை ஒரு மூலையில் நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டவனாகப் பார்த்தேன். பாதுகாப்புக்காரர் பக்கத்தில் நின்றார். அண்ணி வெள்ளைத்தொப்பியிடம் பேசினார், குரலில் உறவும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"நான் இவனோட அண்ணி. அதனால நான் எதையும் தொட மாட்டேன். நீங்களே பைகளை நிரப்புங்க. தொட்டிக்கு வர்ற கேஸ் ஒரு பை. என் சிலிண்டர்லேர்ந்து ஒரு பை. இவன் தலையணையிலேர்ந்து ஒரு பை. நாலாவதா, இதுவரைக்கும் கிணத்துக்குள்ள இறங்காத புதுச் சேறு தனித் தொட்டியில இருக்கு. அதை எடுத்துச் சுட்டு, வர்ற கேஸைப் பிடிங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு நிற டேப் ஒட்டுங்க. எதுல எது இருக்குன்னு எனக்குச் சொல்லக் கூடாது."

சேற்றில் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க, அதைச் சுடுகிற ஒரு குட்டி அடுப்பு ரிக்கில் உண்டு. வெள்ளைத்தொப்பி தானே அதில் சேற்றை வைத்தார். அவருக்கு ஆத்திரம் இருந்தது, ஆனால் நேர்மை கெட்டவர் இல்லை. பையை நிரப்பி டேப் ஒட்டும்போது கதவைச் சாத்திக்கொண்டார்.

"இன்னொண்ணு சார். டிரில்லரை பிட்டு வேகத்தைக் குறைச்சு ஓட்டச் சொல்லுங்க. அதே பாறைதான். கேஸ் பாறையோடதுன்னா வந்துக்கிட்டே இருக்கும். பிட்டு சுட்டதுன்னா நின்னுடும்."

"யாராவது கொண்டுவந்து விட்டதுன்னா?"

"அவனைத்தான் இங்க உட்கார வெச்சிருக்கீங்களே. கேஸ் இன்னும் வந்துக்கிட்டுதானே இருக்கு?"

கீழே நடப்பது சேற்றோடு மேலே வந்து சேர நேரமாகும். அவ்வளவு ஆழம். அதுவரை எல்லோரும் சும்மா நின்றார்கள். ஒருவரை ஒருவர் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டார்கள். என் மேல் சந்தேகம் தீர்ந்தால் அடுத்தது யார் மேல் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. பழம் பழுக்க வைக்கிற கேஸ் என்று யாரோ சொல்லக் கேட்டு, சமையல்காரரின் சரக்கறையில் பாதுகாப்புக்காரர் பழக்கூடைகளைக் கிளறிவிட்டு வந்தார். சமையல்காரர் வாசலில் நின்று, "எனக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்? வாழைப்பழத்தைக் கூடவா கைது பண்ணப் போறீங்க?" என்று கத்தினார். யாரும் சிரிக்கவில்லை.

அண்ணி பைகளை ஒவ்வொன்றாகக் கருவியில் மாட்டினார்.

பச்சை டேப் முதலில். திரையைப் பார்த்தார். கருவியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். ஸ்வெட்டர் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், அந்தக் குளிரில். "இதுல மீத்தேனே இல்ல. இது மனுஷ மூச்சு" என்றார்.

வெள்ளைத்தொப்பி திரும்பி என்னைப் பார்த்தார்.

அடுத்தது மஞ்சள். எண் வந்தது. அடுத்தது நீலம், வேறு எண். கடைசியாகச் சிவப்பு. அண்ணி திரையை வெள்ளைத்தொப்பி பக்கம் திருப்பினார்.

"மஞ்சள் தனி ஆள் சார், மத்த ரெண்டோட ஒட்டவே இல்ல. நீலமும் சிவப்பும் பாருங்க. லேசு கரி, கனக் கரி, ரெண்டும் ஒரே அளவு. எத்திலீனும் ரெண்டுலயும் இருக்கு. ஒரே வயித்துப் பிள்ளைங்க."

வெள்ளைத்தொப்பி தன் சட்டைப் பையிலிருந்து கசங்கிய துண்டுச் சீட்டை எடுத்துப் பார்த்தார். மஞ்சள், அண்ணியின் சிலிண்டர். நீலம், தொட்டிக்கு வந்த கேஸ். சிவப்பு, அவர் கையாலேயே அடுப்பில் வைத்த சேறு. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்போது மேலே ஹெலிகாப்டர் சத்தம் கேட்க ஆரம்பித்தது. என் துணிப் பையைக் கட்டி ஏற்கெனவே படிக்கட்டில் வைத்திருந்தார்கள். ஹெலிகாப்டர் இறங்கி, விசிறி ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் டிரில்லர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "கோடு படுத்துடுச்சு சார். வேகத்தைக் குறைச்சதும் கேஸ் வரல. பாறை அதே பாறைதான். ஒண்ணுமே வரல."

என்மேல் இருந்த பழி போனது. கிணறும் போனது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் போயின. டிரில்லர் முகத்தில் சந்தோஷமா துக்கமா என்று சொல்ல முடியவில்லை.

வெள்ளைத்தொப்பி கரைக்குப் போன் போட்டார். சத்தத்தில் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு குரல் கேட்டது: "அந்தப் பையன் நிரபராதின்னு சொல்றது யாரு? அவனோட அண்ணிதானே?"

"அண்ணிதான் சார்" என்றார் வெள்ளைத்தொப்பி. "எல்லார் முன்னாடியும் அவன் லாக்கரைத் திறக்கச் சொன்ன அண்ணி. அவன் தலையணையைக்கூட விடாம சோதிச்ச அண்ணி. இந்தம்மாவையே நம்பலைன்னா நான் யாரைச் சார் நம்புறது?"

ஹெலிகாப்டர் நான் இல்லாமல் கிளம்பியது. வெள்ளைத்தொப்பி என் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். "மன்னிச்சுக்கோப்பா. உன் பேரையாவது மாத்தித் தொலை" என்றார்.

கொஞ்ச நாளில் கிணற்றை சிமென்ட் ஊற்றி அடைத்தார்கள். ரிக்கை இழுத்துக்கொண்டு போனார்கள். கடைசி நாட்களில் சாப்பாட்டு மேசையில் அண்ணி உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும். "அந்தம்மா வாயை மூடிட்டு இருந்திருந்தா இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாம்" என்று ஒருவர் என் காது படவே சொன்னார். சட்டையைப் பிடிக்கப் போனேன். பிறகு நினைத்தேன், நான் எதற்காகப் பிடிக்க வேண்டும்? என்னைத் திருடன் என்று நினைத்து லாக்கரைத் திறக்கச் சொன்னவருக்காகவா? விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அண்ணியிடம் பேசவில்லை. அவர் சமையலறையில் இருந்தால் நான் கூடத்தில். அவர் கூடத்துக்கு வந்தால் நான் மாடியில். அண்ணன் நடுவில் மாட்டிக்கொண்டு, "அண்ணிகிட்ட உப்பு இல்லேன்னு சொல்லுண்ணா", "அவன்கிட்ட கடைக்குப் போகச் சொல்லுங்க" என்று தபால்காரர் வேலை பார்த்தார். அண்ணன் மகள் ஒரு நாள், "சித்தப்பா, நீங்க அம்மாகூட டூவா?" என்றாள். ஆமாம் என்றேன், வெட்கமில்லாமல்.

ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. நான் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி உள்ளே வந்து வாசலை அடைத்த மாதிரி நின்றார். கையில் ஒரு புதுத் தலையணை, கடை உறையோடு.

"இந்தா" என்றார்.

நான் வாங்கவில்லை. அவ்வளவு நாள் அடக்கி வைத்தது உடைந்துகொண்டு வந்தது. "எல்லார் முன்னாடியும் என் லாக்கரைத் திறக்கச் சொன்னீங்களே அண்ணி. ஒரு வார்த்தை சொன்னீங்களா? இவன் பண்ணியிருக்க மாட்டான்னு ஒரே ஒரு வார்த்தை?"

"சொல்லியிருந்தா நீ இந்நேரம் ஜெயில்ல இருப்ப. கொழுந்தனுக்கு அண்ணி சாட்சின்னு சிரிச்சிருப்பாங்க. நான் உன்னை நம்பாம இருந்தாதான் அவங்க என்னை நம்புவாங்க. எனக்கு வேற வழி தெரியல."

"அப்ப சந்தேகப்படற மாதிரி நடிச்சீங்க. அப்படித்தானே?" அப்படித்தான் என்று சொல்லிவிடுவார், நானும் தலையணையை வாங்கிக்கொள்வேன், எல்லாம் முடிந்துவிடும் என்று இருந்தது எனக்கு.

அண்ணி பொய் சொல்லத் தெரியாதவர். அதுதான் அவரிடம் உள்ள பெரிய தொல்லை.

"லாக்கரைத் திறக்கச் சொன்னப்ப நடிப்புதான். உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு தைரியமாச் சொன்னேன். அந்தப் பை உப்பிக்கிட்டு இருந்ததைப் பார்த்ததும்..." நிறுத்தினார். "சந்தேகம் வந்துடுச்சு தம்பி. நெஜமாவே வந்துடுச்சு."

எனக்கு மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. "எவ்ளோ நேரம்?"

"பச்சை டேப் பையைத் திறக்கிற வரைக்கும். உங்க அண்ணனுக்கு என்ன பதில் சொல்றதுன்னு நெனச்சு நெனச்சு எனக்கு உசிரே இல்ல. அதான் கருவியையே பிடிச்சுக்கிட்டு நின்னேன்." தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. "உள்ள இருந்தது உன் மூச்சுன்னு தெரிஞ்ச பிறகுதான், தம்பி, நான் மூச்சு விட்டேன்."

அவர் கையிலிருந்து தலையணையை வாங்கி, மூக்குக்கு அருகே கொண்டுபோய் நன்றாக முகர்ந்து பார்த்தேன்.

"என்னடா பண்றே?" என்றார் அண்ணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"புதுசுன்னு கடைக்காரன் சொன்னானா?"

"ஆமா, சொன்னான்."

"நீங்க கேட்டீங்களா?"

அண்ணி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு என் கையிலிருந்து தலையணையைப் பிடுங்கி, ஓரத் தையலைக் கவனமாகப் பிரிக்க ஆரம்பித்தார். நான் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன்.